வெறும் சம்படத்துக்கு ஆசைப்பட்டவன்

மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணாதுரை அத்தான் அவர்களுக்கு,

சிங்கப்பூர் கிளமெண்டியிலிருந்து தங்கள் மச்சினன் ரத்னவேல் இரண்டு கைகளையும் கூப்பி, அதற்காகப் பேனாவைக் கீழே வைத்து, மறுபடி எடுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் பாப்பம்மாளும், ஏழு மாத வயிற்றோடு எங்களிடம் வந்திருக்கும் மகள் இளமதியும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் வலது முழங்காலும் சௌக்கியமா? இடது முழங்காலுக்கு எப்போதும் குறையில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அதற்கும் என் வணக்கம்.

கைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். தங்களுக்கு நான் அனுப்பும் குரல் செய்தியை அக்கா ஸ்பீக்கரில் போட்டு விடுகிறாள். அன்று சாயங்காலமே தேவகோட்டையிலிருந்து கிளம்பும் அந்தச் செய்தி, சென்னையில் ஒரு சித்தப்பா வீட்டில் காப்பி குடித்துவிட்டு, இங்கே சிங்கப்பூரிலேயே செம்பவாங்கில் இருக்கும் நம் ஒன்றுவிட்ட தங்கை வழியாகக் கண் காது மூக்கு வைத்து எனக்கே திரும்பி வருகிறது. இந்த விஷயம் அப்படிப் போகக் கூடாது. என் மானம் சம்பந்தப்பட்டது. பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்பது தங்களுக்கே தெரியும், இருந்தாலும் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா.

நேராகச் சொல்லிவிடுகிறேன். சென்ற முறை வந்தபோது தாங்கள் எனக்குச் செய்த ஓர் உபதேசத்தால், பக்கத்து வீட்டு ஹலீமா அக்கா எங்கள் வீட்டோடு பேச்சை நிறுத்தி, அவர் வராவிட்டால் வளைகாப்பே வேண்டாம் என்று என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெற்ற தகப்பன் சொந்த வீட்டில் நடுக்கூடத்தில் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டி வந்தது. பிறகு என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொன்னால் தாங்கள் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவீர்கள். எனவே வரிசையாகச் சொல்கிறேன்.

நாகூர் கனி பாயையும் ஹலீமா அக்காவையும் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். டன்லப் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்து இப்போது மகன்களிடம் விட்டுவிட்டு, அவர்கள் அதை எப்படிக் கெடுக்கிறார்கள் என்று தினமும் போய்ப் பார்த்து வருவதையே வேலையாக வைத்திருப்பவர் பாய். நானும் பாப்பம்மாளும் வேலைக்குப் போன காலத்தில் இளமதி பள்ளிவிட்டு நேராக அவர்கள் வீட்டுக்குத்தான் போவாள். சாப்பிடுவது, பாடம் எழுதுவது, அடம்பிடிப்பது எல்லாம் அங்கே. எங்கள் வீடு அவளுக்குத் தூங்குகிற இடம். ஹலீமா அக்காவை அவள் பெரிம்மா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர், இரண்டு இரும்புக் கதவு, ஓயாமல் போய்வரும் பாத்திரங்கள். எங்களிடமிருந்து சர்க்கரைப் பொங்கல் போனால், கழுவித் துடைத்த அதே மூடி போட்ட சம்படத்தில் பேரீச்சம்பழ அல்வா வரும். அங்கிருந்து இடியாப்பம் வந்தால் இங்கிருந்து சுண்டல் போகும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் வீட்டிலும் இல்லை, அவர்கள் வீட்டிலும் இல்லை. ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தருவார்கள். இதை நான் மூச்சு விடுவது மாதிரி எடுத்துக்கொண்டிருந்தேன். அதாவது தாங்கள் வரும்வரை.

காத்தோங்கில் சிலோன் ரோட்டு விநாயகர் கோயிலுக்குச் சொற்பொழிவு கேட்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? தானம் மூன்று வகை என்று ஆரம்பித்தார் அந்தப் பெரியவர். பதிலுக்கு எதுவும் எதிர்பாராமல், கொடுக்க வேண்டும் என்பதற்காகவே கொடுப்பது முதல் வகை, உத்தமம். ஏதாவது திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது இரண்டாவது, மத்திமம். மூன்றாவது என்று அவர் வாயைத் திறக்கும்போது அன்னதான வரிசை நகர ஆரம்பித்தது. தாங்கள் என் விலாவில் இடித்து "எந்திரிடா மாப்பிள்ள, அப்புறம் வடை தீந்துரும்" என்றீர்கள். பாப்பம்மாள் மட்டும் உட்கார்ந்து கேட்டாள். நமக்கு வடை கிடைத்தது.

வீட்டுக்கு வந்து, ஹலீமா அக்கா தங்களுக்கென்றே கொடுத்தனுப்பியிருந்த அல்வாவை வாயில் போட்டபடி தாங்கள் என்ன சொன்னீர்கள்? "நீ ஒரு காலத்துலயும் தானம் பண்ணினதில்லடா. பொங்கலக் குடுத்து அல்வா வாங்குற. இதுக்குப் பேரு பண்டமாற்று." சொல்லிவிட்டு, மீதி அல்வாவையும் முடித்துவிட்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டீர்கள். அந்த வார்த்தை எனக்குள் முள் மாதிரி குத்திக்கொண்டு நின்றது. மறு வெள்ளிக்கிழமை பிள்ளையார் முன்னால் நின்று தீர்மானமாக வேண்டிக்கொண்டேன்: இனி வெள்ளிதோறும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பேன், பதிலுக்கு ஒரு கடலைப் பருப்புகூட வாங்க மாட்டேன், இளமதிக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும்.

முதல் வெள்ளி சர்க்கரைப் பொங்கல். சம்படத்தைக் கொடுத்துவிட்டு, "அக்கா, வெறும் சம்படமாவே குடுங்க, ஒண்ணும் போட வேணாம்" என்றேன். ஹலீமா அக்கா "சரி தம்பி" என்றார். சாயங்காலம் சம்படம் வந்தது. திறந்தால் பளபளவென்று ரோஸ் நிறக் கடல்பாசி இனிப்பு, மேலே வறுத்த முந்திரி. "ஒண்ணும் போடலியே தம்பி, சும்மா கொஞ்சம் கடல்பாசி" என்றார். வெள்ளிக்கிழமை நாங்கள் கவிச்சி சாப்பிட மாட்டோம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது. அதைத் திருப்பி அனுப்பினால் பாவம், சாப்பிட்டால் விரதபங்கம். பாவத்துக்குப் பயந்து சாப்பிட்டேன். இரண்டாம் முறை கேட்டுப் போட்டுக்கொண்டதும் பாவத்துக்குப் பயந்துதான்.

கொடுத்தவன் யார் என்று தெரிந்தால்தானே திருப்பிக் கொடுப்பார்கள், தெரியாமல் கொடுத்துவிட்டால்? இப்படி ஒரு யோசனை அடுத்த வாரம் உதித்தது. எலுமிச்சைச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு, விடிகாலையில் பூனை மாதிரி நடந்து பாயின் இரும்புக் கதவில் மாட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். அத்தான், இது தேவகோட்டை இல்லை. இந்த ஊரில் கேட்பாரற்ற பை என்றால் என்ன அர்த்தம் என்று ரயிலில் நான்கு மொழியில் சொல்கிறார்கள். கனி பாயோ எங்கள் அடுக்குமாடி புளோக்கின், சம்பளமில்லாத தொண்டூழியக் காவல் குழுவில் இருக்கிறவர். அதற்கென்று தொப்பியும் சட்டையும் வேறு கொடுத்திருக்கிறார்கள். நான் கண்ணயர்வதற்குள் தாழ்வாரத்தில் அவர் குரல். "யாரும் கிட்ட வராதீங்க! ஹலீமா, நீ உள்ள போ! வேலு, வெளிய வராத, உன் உசுருக்கு நான் பொறுப்பு!" தொப்பி போட்டிருந்தார், சட்டை போட்டிருந்தார், கைலியைத்தான் மாற்ற நேரமில்லை. துணி காயப்போடும் மூங்கில் கழிகளைக் குறுக்கே வைத்து வழியை மறித்திருந்தார்.

நான் ஒத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒத்துக்கொண்டால் ரகசிய தானம் என்ன ஆவது? வாயை மூடிக்கொண்டு நின்றேன். போலீஸ்கார இளைஞர்கள் இருவர் வந்து, தூரத்திலிருந்து பார்த்து, கிட்டத்தில் பார்த்து, கடைசியில் பையைத் திறந்தார்கள். மஞ்சள் மஞ்சளாய் எலுமிச்சைச் சோறு, வேர்க்கடலை, கடலைப் பருப்பு, கறிவேப்பிலை. அப்போதும் நான் பிடிபடவில்லை. ஹலீமா அக்கா உள்ளேயிருந்து எட்டி ஒரே ஒரு பார்வை பார்த்தார். "ஐயே, இது பாப்பம்மா தாளிச்ச சோறுல்ல! கடலப் பருப்ப இப்படிக் கருக்குறது அவ மட்டுந்தான்." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போலீஸ் தம்பி பணிவாக, "அங்கிள், நெக்ஸ்ட் டைம் காலிங் பெல் அடிச்சுக் குடுங்க லா" என்றார். தானம் கொடுத்ததற்காகப் போலீஸ் புத்தி சொன்ன முதல் ஆள் நம் குடும்பத்தில் நானாகத்தான் இருப்பேன். கருகிய பருப்பு விஷயத்தை ஊரறியச் செய்ததற்காகப் பாப்பம்மாள் என்னோடு தனியாகப் பேசினாள். அதை எழுத முடியாது. மத்தியானம் அந்த வீட்டிலிருந்து, கலங்கிப் போயிருப்பேன் என்று, பெரிய கிண்ணம் நிறையப் பால் பாயசம் வந்தது.

இதற்குப் பிறகாவது நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒரு முட்டாளுக்கு மூன்றாவதாக வரும் யோசனைதான் அவனுக்கே மிகவும் பிடித்த யோசனையாக இருக்கும். பாத்திரம் போவதால்தானே பாத்திரம் நிறைந்து வருகிறது, திரும்பி வரவே வேண்டாத பாத்திரத்தில் கொடுத்தால்? லிட்டில் இந்தியாவுக்குப் போய், சாப்பாடு கட்டித் தரும் கடைகளில் இருக்குமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் டப்பாக்களில் ஒரு கட்டு வாங்கி வந்தேன். வெள்ளிக்கிழமை கொழுக்கட்டையை அதில் போட்டுக்கொண்டு போய் நீட்டினேன்.

"என்ன தம்பி, சம்படம் என்னாச்சு?" என்றார் ஹலீமா அக்கா.

"இனிமே எல்லாம் இதுதான்க்கா. சாப்பிட்டுட்டு டப்பாவத் தூக்கிப் போட்டுருங்க."

"தூக்கிப் போடவா?"

"ஆமாக்கா. எங்களுக்குத் திரும்பி வர வேணாம். உங்க வீட்லேருந்து எங்களுக்கு எதுவுமே வேணாம்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா அத்தான். சொல்லும்போது தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் சூடாக இருப்பது போலக்கூடத் தோன்றியது. ஹலீமா அக்கா அந்த டப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி தம்பி" என்று சொல்லி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலம் எதுவும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் அவர்கள் வாசலில் இரும்புக் கதவுக்குப் பின்னால் உள்ள உள்கதவும் சாத்தியிருந்தது. விடிந்தால் திறந்து ராத்திரி சாத்துகிற கதவு அது. கோப்பிக் கடையில் கனி பாய் வேறு மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் கையாட்டியதும் தொலைக்காட்சியை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். ஓடிக்கொண்டிருந்தது ஒரு ஷாம்பு விளம்பரம். அவர் தலையில் தொப்பிக்குக் கீழே ஷாம்புக்கு வேலையே கிடையாது. நமக்கென்ன, பலனை எதிர்பார்க்காதவனுக்கு நட்பு மட்டும் எதற்கு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பெரிம்மாவைப் பார்க்கப் போயிருந்த இளமதி கண் சிவக்கத் திரும்பி வந்து நிற்கிறாள்.

"அப்பா, பெரிம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"தானம் குடுத்தேம்மா."

"அவங்க சாப்பாடு பட்ட பாத்திரம் நம்ம வீட்டுக்கு வர வேணாம்னு சொன்னீங்களா? தூக்கிப் போடுங்கன்னு சொன்னீங்களா?"

"நான் எப்படிம்மா அப்படிச் சொல்வேன்? நான் சொன்னது வேற…"

"நீங்க வேற சொன்னீங்க, அவங்களுக்கு அப்படித்தானேப்பா கேக்கும்! இத்தன வருஷம் நான் அவங்க தட்டுல சாப்பிட்டு வளந்தேன். இப்ப கோயில்ல என்னமோ கேட்டுட்டு வந்து, அவங்க கை பட்டது ஆகாதுன்னு சொன்னா? ஹவ் கேன்ப்பா? பெரிம்மா வந்து வளையல் போடாம எனக்கு வளைகாப்பு வேணாம். கேன்சல்." சொல்லிவிட்டு அறைக்குள் போய், வயிற்றுப் பிள்ளைக்கு அதிர்ச்சி கூடாது என்பதால் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். ஓங்கிச் சாத்தியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பாப்பம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "மூணாவது வக என்னன்னு கேக்கறதுக்குள்ள அண்ணன் தம்பி மாதிரி ரெண்டு பேரும் வடைக்கு ஓடினீங்கல்ல? நான் கேட்டேன். வாங்குறவங்களுக்கு மரியாத இல்லாம, மனசு நோகக் குடுக்கறது. அதுக்குப் பேரு அதமம். நீங்க முதல் வகைக்குப் போறேன்னு கிளம்பி, ரெண்டாவதையும் தாண்டி, நேரா அங்க போய் எறங்கிட்டீங்க."

அத்தான், நான் எத்தனையோ தடவை அசடு வழிந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் எனக்குள் ஏதோ நிஜமாகவே உடைந்தது. யாரோ ஒருவருக்கு அல்ல, என் பிள்ளைக்குத் தன் மடியில் வைத்துச் சோறு ஊட்டியவருக்கு, 'உன் கையால் எதுவும் வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறேன். அதையும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு போய் அழைப்பு மணியை அடித்தேன். கனி பாய் கதவைத் திறந்து, "வாங்க சார்" என்றார். முப்பது வருஷமாக என்னை வேலு, டேய், கிறுக்கா என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன் சார் என்கிறார். நாற்காலியில் பாதியில் உட்கார்ந்து, மூன்று வகைத் தானத்தையும், பண்டமாற்றையும், கடல்பாசியையும், பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டதையும் மூச்சு விடாமல் சொன்னேன். தங்கள் பெயரையும் சொன்னேன், மன்னிக்கவும். பழியைத் தனியாகச் சுமக்க முடியவில்லை.

பாய் கடைசிவரை கேட்டார். "அப்ப நீ எதையும் எதிர்பாக்காமக் குடுத்தே?"

"ஆமா பாய். சுத்தமா எதிர்பாக்கல."

"எதுக்காகக் குடுத்தே?"

"இளமதிக்குச் சுகப்பிரசவம் ஆகணும்னு."

"அது எதிர்பாக்கறது இல்லியா?"

பாதி நாற்காலியில் இருந்தவன் முழு நாற்காலியிலும் சரிந்தேன்.

"கிறுக்கா" என்றார் பாய். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ மட்டும் குடுத்துக் குடுத்துப் புண்ணியம் சேப்பே. நாங்க வாங்கி வாங்கி வாசல்ல நிக்கணுமா? எங்களுக்கும் குடுக்கணும்னு இருக்காதா லா?"

அடுக்களை வாசலில் ஹலீமா அக்கா வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்காமல் முந்தானையால் கையைத் துடைத்தபடி பேசினார். "நான் எந்த நாளும் திருப்பிக் குடுத்ததில்ல தம்பி. பொங்கலுக்கு அல்வான்னு அளந்தா போட்டேன்? உங்க வீட்டுப் பாத்திரம் என் கையிலேருந்து வெறுமையாப் போகக் கூடாதுன்னு போட்டேன். அதுல இளமதி சாப்பிடுவாள்னு போட்டேன். நீங்க குடுத்தது உங்க மனசு. நான் குடுத்தது என் மனசு. ரெண்டையும் ஏன் முடிச்சுப் போட்டீங்க?"

என்ன செய்தால் மன்னிப்பீர்கள் அக்கா என்று கேட்டேன். அவர் யோசித்தார். "வீட்டுக்குப் போங்க. ஒரு வெறும் பாத்திரம் எடுத்துட்டு வாங்க. வாசல்ல நின்னு கேளுங்க."

"என்ன கேக்கணும்?"

"சோறு கேளுங்க."

போனேன். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது பாப்பம்மாளின் சீர்வரிசை எவர்சில்வர் அண்டா. அவள் பேர் வெட்டியது, ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் வந்து நின்றேன். சாயங்கால நேரம். எதிர்ச் சாரியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சீனப் பாட்டி கையிலிருந்த சட்டையோடு நின்றுவிட்டார். மின்தூக்கியிலிருந்து வந்த சாப்பாட்டு டெலிவரித் தம்பி, அண்டாவையும் என்னையும் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நடந்தார். அத்தனை வருஷமும் அந்த வாசலில் நான் கையில் ஏதாவது வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். ஒன்றுமில்லாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. கொடுக்கிறவனுக்கு முதுகு நேராக இருக்கும். கேட்கிறவனுக்குத்தான் எதிரே இருப்பவரின் முகம் தெரிகிறது.

"அக்கா" என்றேன். அண்டாவை நீட்டி, "அக்கா, பசிக்குது. கொஞ்சம் சோறு குடுங்கக்கா" என்றேன்.

ஹலீமா அக்கா கதவைத் திறந்தார். அண்டாவைப் பார்த்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ள அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கடைசியில் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படி ஒரு சிரிப்பு. "இம்மாம் பெரிய பசியா தம்பி!" பாய் உள்ளே விழுந்து விழுந்து சிரிக்கிறார். சிரிப்புச் சத்தத்தில் இளமதி வெளியே வந்து, அப்பா அண்டாவோடு நிற்பதைப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்து, பெரிம்மாவைக் கட்டிக்கொண்டு அழ, நானும் அண்டாவுக்குப் பின்னால் கொஞ்சம் அழுதேன். அண்டா நிறைய நெய்ச்சோறு போட முடியாது என்பதால் அடியில் போட்டுக் கொடுத்தார். அன்று வெள்ளி இல்லை. கூடவே ஆட்டுக்கறித் தால்ச்சாவும் தந்தார். தட்டில் போடப் பொறுமையில்லாமல் அண்டாவுக்குள் கையை விட்டுச் சாப்பிட்டேன். முழங்கை வரை நெய்.

சென்ற ஞாயிறு வளைகாப்பு. ஐந்து வகைச் சோற்றில் தேங்காய்ச் சோறு ஹலீமா அக்கா செய்தது, எங்கள் பாத்திரத்தில். சிராங்கூன் சாலையில் தேடிப் பிடித்து வாங்கி வந்த சிவப்பும் பச்சையுமான கண்ணாடி வளையல்களை முதலில் பாப்பம்மாள் ஒன்று, பிறகு ஹலீமா அக்கா ஒன்று என்று போட்டார்கள். இளமதியின் கை உப்பியிருந்ததால் ஒரு வளையல் நுழையவில்லை. அக்கா கொஞ்சம் சோப்பு நுரையைத் தடவி, சின்னப் பிள்ளைக்குப் போடுவது போல் விரல்களை மடக்கி, "வலிச்சா சொல்லுமா" என்று போட்டுவிட்டார். கனி பாய் தொண்டூழியத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, வந்தவர்களின் பைகளையெல்லாம் ஒருமுறை உற்றுப் பார்த்து உள்ளே விட்டார்.

ஆகவே அத்தான், பதிலை எதிர்பாராமல் கொடுப்பது உத்தமம் என்று அந்தப் பெரியவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எதிர்பாராமல் இருப்பது வேறு, வருவதைத் தடுப்பது வேறு. பிறர் கொடுப்பதை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளத் தெரியாதவனுக்குக் கொடுக்கவும் தெரியாது என்பது என் இப்போதைய சித்தாந்தம். இதை நானே என் அனுபவத்தில் கண்டுபிடித்தேன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். காத்தோங்கில் அடுத்த சொற்பொழிவுக்கு ஆள் வேண்டுமென்றால் நான் தயார்.

அக்கா பாதங்களில் என் வணக்கம். பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவர் ஆசிகள். பிள்ளையார் அருளால் தங்கள் வீட்டுப் பாத்திரம் எதுவும், போகும்போதும் வரும்போதும், வெறுமையாக இல்லாதிருக்கட்டும்.

அடங்கிய அன்புடன்,
ரத்னவேல்

பி.கு.: அத்தானுக்குப் பாப்பம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. தபால்தலை ஒட்டித் தரச் சொன்னார், ஒட்டுமுன் படித்துவிட்டேன். அவர் கொடுத்ததாக எழுதியிருக்கும் பொங்கல், சோறு, கொழுக்கட்டை எல்லாம் நான் சமைத்தது; அவர் சுமந்தது எங்கள் வாசலிலிருந்து அடுத்த வாசல்வரை. பருப்பு ஒரு தடவைதான் கருகியது. ஹலீமா அக்காவுக்கு மனசு நொந்தது உண்மைதான், ஆனால் ஒரே ஒரு ராத்திரி. மறுநாள் காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது என்னிடம் நேராகக் கேட்டுவிட்டார். நான் இவருடைய விரதத்தைச் சொன்னதும், கையிலிருந்த வவ்வால் மீனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அங்கேயே நின்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தோம்: இந்த மனுஷன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டு வாங்க வேண்டும். உள்கதவைச் சாத்தியது என் யோசனை. "சார்" என்று கூப்பிட்டது பாயின் சொந்தச் சரக்கு. இளமதியின் கண் சிவந்தது பெரிம்மா வீட்டில் வெங்காயம் நறுக்கியதால். அண்டாவை மட்டும் நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள் அத்தான். கல்யாணமான நாளிலிருந்து கூடத்தில் உட்கார்ந்தபடி "காப்பி!" என்று ஒரு சத்தம்தான் வரும். இப்போது ஒரு வாரமாக, கையில் தம்ளரோடு அடுக்களை வாசல்வரை நடந்து வந்து நின்று, "பாப்பா, கொஞ்சம் காப்பி கிடைக்குமா?" என்று கேட்கிறார்.